ஓட்டுக் கேட்காமல் கதவைத் தட்டுகிறவர்கள்

கேரி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கேரி என்ற ஊரில் என் சித்தப்பா மகன் குடியிருக்கிறான். 2024 அக்டோபரில் அங்கே போய் இறங்கியபோது, விமானம் என்னைச் சுற்றிக்கொண்டு வந்து கோவையிலேயே விட்டுவிட்டதோ என்று தோன்றியது. காலையில் வேங்கடேஸ்வரர் கோயில். அதன் 87 அடி ராஜகோபுரத்தை 2022 தீபாவளியன்று திறந்து வைத்தவர் அப்போதைய மாநில ஆளுநர் ராய் கூப்பர். மதியம் பக்கத்து மாரிஸ்வில்லில் வாங்கிய முருங்கைக்காயில் சாம்பார். மாலை நடையில் எதிர்ப்பட்டவர்கள் தெலுங்கிலும் தமிழிலும் பள்ளிக்கூடச் சேர்க்கை பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள்.

அலமான்ஸ் கவுண்டிக்குப் போக வேண்டும் என்றேன். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. "அங்க என்னங்ணா இருக்குது? மலைக்குப் போறப்ப ஹைவேயில தாண்டிப் போவோம், அவ்வளவுதான்" என்றான் தம்பி. கேரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பல வருடம் இங்கே இருந்து, குடியுரிமையும் வாங்கி, தேர்தல் தவறாமல் ஓட்டுப் போடுகிறவன். அந்தச் சாலையில் ஒருமுறைகூட இறங்கியதில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. திருப்பூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, வடநாட்டுப் பையன்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளுக்குள் நான் போனதில்லை.

நான் பார்க்க வந்தது ‘டவுன் ஹோம் நார்த் கரோலினா’ என்ற அமைப்பின் வேலையை. 2017இல் டாட் ஜிம்மர், பிரிஜிட் ஃப்ளாஹெர்ட்டி என்ற இருவர் தொடங்கியது. எடுத்த எடுப்பில் இரண்டே கவுண்டிகள்: நடுப்பகுதியில் அலமான்ஸ், மேற்கு மலையில் ஹேவுட். இந்த மாநிலத்தில் 100 கவுண்டிகள். முக்கால்வாசிக்கு மேல் கிராமப்புறம். கிராமத்தில் வாழ்கிறவர்களின் எண்ணிக்கையில் டெக்சாஸுக்கு அடுத்தது இந்த மாநிலம்தான். அந்தக் கிராமங்களை ஜனநாயகக் கட்சி ஏறக்குறையக் கைகழுவிவிட்டது. குடியரசுக் கட்சிக்கோ கேட்காமலே விழும் ஓட்டு. அதனால் இரண்டு பேருமே கதவைத் தட்டுவதில்லை. அந்த இடத்தில்தான் இவர்கள் தட்டப் போனார்கள்.

இதைப் புரிந்துகொள்ள அங்கே ஓட்டு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். நம் ஊரில் வாக்காளர் பட்டியலைத் தயார் செய்வது அரசின் வேலை. சாவடி அலுவலர் வீடு தேடி வருவார். வட கரோலினாவில் நாமே போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். வீடு மாறினால் மறுபடியும். அந்த வருடம் பதிவு முடிந்தது அக்டோபர் 11. அதற்குப் பிறகு முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களில் மட்டும், சாவடியிலேயே பதிந்து அங்கேயே ஓட்டுப் போடலாம். தேர்தல் நாளன்று அதுவும் கிடையாது. தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை. நம்மைப் போல எல்லோருக்கும் விடுமுறை இல்லை.

இன்னொன்று கேட்டபோதுதான் திகைத்தேன். வாக்காளர் பட்டியல் பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பெயர், முகவரியோடு, எந்தக் கட்சிக்காரராகப் பதிந்திருக்கிறார், எந்தெந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டார் என்பதும் அதில் உண்டு. யாருக்குப் போட்டார் என்பது மட்டும் இல்லை. கட்சிகள் இந்தப் பட்டியலைச் சலித்துத்தான் பிரசாரத்துக்குக் கிளம்பும். நாலு தேர்தலாக வராதவனுக்குச் செலவழிப்பானேன் என்று அவன் பெயரை முதலில் எடுத்துவிடுவார்கள். பெயரை எடுத்ததால் யாரும் அவனிடம் பேசுவதில்லை. யாரும் பேசாததால் அவன் அடுத்த முறையும் போவதில்லை.

கிளம்புகிற அன்று தலைநகர் ராலேவைச் சுற்றிக்கொண்டு போனேன். அங்கே ஷா பல்கலைக்கழகம் இருக்கிறது. கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்ட பழைய கல்லூரி. இந்த மாநிலத்தின் லிட்டில்டன் என்ற சிற்றூரில் வளர்ந்த எல்லா பேக்கர் என்பவர் இங்கே படித்தவர். 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் வெள்ளையர் மட்டும் உட்காரும் உணவு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். அந்தத் தீ பரவியபோது, ஏப்ரலில் மாணவர்களை ஷாவில் கூட்டி அவர்களுக்கென்று ஓர் அமைப்பு உருவாகச் செய்தவர் அவர்தான். மேடைத் தலைவர்களை அவர் அவ்வளவாக நம்பியதில்லை. ஊருக்குள் போய் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசுவதை நம்பினார். டவுன் ஹோம்காரர்களின் வழியும் கிட்டத்தட்ட அதுதான்.

கிரஹாம்

அலமான்ஸ் கவுண்டியின் தலைமை ஊர் கிரஹாம். நடுவில் நீதிமன்றம், அதைச் சுற்றிச் சதுரமாகக் கடைகள், நாலு பக்கமும் சாலை. நீதிமன்ற வாசலில் கூட்டமைப்புப் படைவீரன் ஒருவன் கல்லாக நிற்கிறான். அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்டுத் தோற்ற தென்மாநிலப் படையின் சிப்பாய். வைத்தது 1914இல், போர் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து.

சிலை சொல்லாத கதை ஒன்று அந்தச் சதுக்கத்தில் உண்டு. வையட் அவுட்லா, கறுப்பினத்தவர், மரவேலைக்காரர், கிரஹாம் நகர மன்ற உறுப்பினர், ஊர்க் காவலரும்கூட. 1870 பிப்ரவரி 26 இரவு கு கிளக்ஸ் கிளான் கும்பல் அவரை வீட்டிலிருந்து இழுத்து வந்து, நீதிமன்றத்துக்குப் பக்கத்து எல்ம் மரத்தில் தூக்கிலிட்டது. கறுப்பர்களுக்கு அப்போதுதான் ஓட்டுரிமை வந்திருந்தது; அதைப் பயன்படுத்தச் சொல்லி ஆள் திரட்டியதுதான் அவர் குற்றம். கிளானை அடக்கப் படை அனுப்பிய ஆளுநர் வில்லியம் ஹோல்டனை அடுத்த ஆண்டு சட்டமன்றம் பதவியை விட்டே நீக்கியது. குற்றச்சாட்டு விசாரணையில் பதவி இழந்த முதல் அமெரிக்க மாநில ஆளுநர் அவர்.

பழைய கதை என்று நகர்ந்துவிட முடியாது. 2020 அக்டோபர் 31, முன்கூட்டி வாக்களிப்பின் கடைசி நாள். தேவாலயத்திலிருந்து இந்தச் சதுக்கத்துக்கு ஊர்வலமாக வந்தவர்கள் மீது போலீஸ் மிளகுப்பொடிப் புகை அடித்தது. கூட்டத்தில் குழந்தைகளும் இருந்தார்கள். அதற்கு முன், 2013இல் மாநிலம் கொண்டுவந்த வாக்குரிமைச் சட்டத்தை, கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்தே எழுதப்பட்டது என்று சொல்லி 2016இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. இந்த ஊர்களில் ஓட்டுப் போட வாருங்கள் என்று ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது சாதாரண விஷயம் இல்லை.

ஒரு தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஆறேழு பேர் கூடியிருந்தார்கள். என்னைத் தன்னோடு வரச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கறுப்பினத்தவர், எழுபதை நெருங்குகிறவர். அவரோடு சேர்ந்து போகிற பையன் வெள்ளையன், கூரை போடும் வேலை செய்கிறவன். இருவருக்கும் அந்தக் கவுண்டியில்தான் பிறந்த வீடு. பையன் வார்த்தைக்கு வார்த்தை "மேம்" போடுகிறான். எங்கள் கொங்குப் பக்கத்து ‘ங்க’ ஞாபகம் வந்துவிட்டது. ஆளுக்கொரு கைப்பேசி, அதில் போக வேண்டிய வீடுகளின் பட்டியல். கதவில் மாட்டும் அட்டைகள். ஒரு பை நிறைய நாய் பிஸ்கட்.

"நாய் பிஸ்கட் எதுக்கும்மா?"

"ஆளைவிட முதல்ல வந்து விசாரிக்கிறது அதுதானே" என்றார்.

எனக்கு அவர் சொன்ன விதிகள் மூன்று. தபால் பெட்டிக்குள் எதையும் வைக்கக் கூடாது, அது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ‘உள்ளே வராதே’ பலகை இருந்தால் திரும்பிவிட வேண்டும். மூன்றாவது எனக்கு மட்டும்: நீங்கள் வெளிநாட்டுக்காரர், பின்னால் நின்று கேளுங்கள், அரசியல் பேசாதீர்கள். சரியென்று தலையாட்டினேன். அரசியல் பேசாமல் நிற்பது தமிழனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

ஹா நதிக்குத் தெற்கே

வீடுகள் என்று பட்டியலில் நாற்பது இருக்கும். நம் ஊரில் ஒரு தெருவில் அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம். இங்கே ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் காரில் போக வேண்டும். தார்ச் சாலையை விட்டு இறங்கினால் செம்மண்ணில் சரளை போட்ட நீண்ட பாதை. அதன் முடிவில் மரங்களுக்கு நடுவே வீடு. செம்மண்ணைப் பார்த்ததும் ஒரு நெருக்கம் வந்தது. மேலே வளர்வதெல்லாம் வேறு. ஜப்பானிலிருந்து வந்து, மண்ணரிப்பைத் தடுக்க நட்டுப் பரப்பிய குட்சு கொடி மின்கம்பம் வரைக்கும் ஏறிப் போர்த்தியிருக்கிறது. புகையிலை உலர்த்திய மரக் கொட்டகைகள் சாய்ந்து நிற்கின்றன. புகையிலைக் காட்டிலேயே சூரியத் தகடுகள் வரிசை கட்டியிருக்கின்றன. ஊருக்கு ஒரு டாலர் ஜெனரல் கடை, மூன்று தேவாலயம்.

முதல் மூன்று வீட்டில் ஆள் இல்லை. நான்காவதில் கதவைத் திறந்தவர், "நான் யாருக்குப் போடுவேன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நல்ல நாளா இருக்கட்டும்" என்று சிரித்தபடி சாத்திவிட்டார். ஆசிரியை அதைக் கைப்பேசியில் பதிந்தார். மரியாதையான மறுப்பு என்று அதற்கும் ஒரு குறி இருக்கும் போலிருக்கிறது.

ஐந்தாவது வீடு சக்கரத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்திய நீள வீடு. திண்ணையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கார் பாகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையன்தான் பேசினான். வேட்பாளர் பெயரையே எடுக்கவில்லை. "இந்தப் பக்கம் ஜனங்களுக்கு எது கஷ்டமா இருக்குன்னு கேட்டுட்டு வர்றோம் சார். உங்களுக்கு எது?" என்றான். அவர் கொஞ்ச நேரம் துணியையே பார்த்தார். பிறகு வாடகை என்றார், பிறகு பல், பல் வைத்தியத்துக்கு இருநூறு மைல் போய் இலவச முகாமில் வரிசையில் நின்றதைச் சொன்னார். பையன் தன் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்றும், மருந்தைப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்ட காலத்தையும் சொன்னான். இவன் ஒன்று, அவர் ஒன்று. பத்து நிமிஷம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஓட்டைப் பற்றிக் கேட்டான்.

"எனக்கு ஓட்டுக் கிடையாது. உள்ளே இருந்துட்டு வந்தவன்."

"தண்டனை முழுசா முடிஞ்சுதா சார்? மேற்பார்வைக் காலமும்?"

"அது முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு."

"அப்போ உங்களுக்கு ஓட்டு இருக்கு."

அவர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணமும் உண்டு. நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே இருக்கும் 55,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 2022இல் ஒரு நீதிமன்றம் ஓட்டுரிமை தந்தது; 2023 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பப் பெற்றது. இன்று உண்டு, நாளை இல்லை என்றால் மனுஷன் எதை நம்புவான்? போய்ப் போட்டு அதுவே குற்றமாகிவிட்டால் மறுபடி சிறை. தண்டனை முழுவதும் முடிந்தவர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை, உரிமை தானாகவே திரும்பிவிடும், ஆனால் புதிதாகப் பதிய வேண்டும். பையன் அதைச் சட்டம் எழுதிய தாளிலேயே காட்டினான். அவர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இந்தப் பேச்சு முறைக்கு ஒரு பிறப்பு உண்டு. 2008இல் கலிபோர்னியாவில் ஒருபால் திருமணத்துக்கு எதிரான வாக்கெடுப்பு ஜெயித்தது. தோற்ற லாஸ் ஏஞ்சலஸ் எல்.ஜி.பி.டி. மையத்தார், எதிராகப் போட்டவர்கள் வீட்டுக்கே போய் ஏன் போட்டீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். வாதாடாமல், தீர்ப்புச் சொல்லாமல், தன் கதையைச் சொல்லி அவர் கதையைக் கேட்பது. ப்ரூக்மன், கல்லா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, பத்து நிமிஷப் பேச்சின் தாக்கம் மூன்று மாதம் வரை நிற்கிறது என்று 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பேச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் 0 முதல் 10 வரை ஒரு எண் கேட்பார்கள், மனம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க. இந்த எண் விவகாரம்தான் எனக்கு ஒட்டவில்லை. ஒருவர் தன் பல்வலியைச் சொல்லி முடித்த கையோடு, ‘ஆறா, ஏழா?’ என்று கேட்பது ஒரு மாதிரியாக இருக்கிறது. கேட்பது உண்மையான அக்கறைதானா, கணக்கெடுப்பா? ஆசிரியையிடம் கேட்டேன். "இரண்டும்தான். கணக்கு இல்லாம எங்களுக்குப் பணம் தர்றவங்க தர மாட்டாங்க" என்றார் மறைக்காமல். பணம் பெரும்பாலும் பெரிய நகரங்களின் அறக்கட்டளைகளிலிருந்து வருவது. அதைச் சொல்லி உள்ளூர்க்காரர்கள் கிண்டல் செய்வதும் உண்டாம்.

வரிச் சட்டத்திலும் நுணுக்கம் இருக்கிறது. பிரிவு 501(சி)(3)இன் கீழ் வரும் அறநிறுவனம் வாக்காளரைப் பதியலாம், விவரம் சொல்லலாம். வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது. 501(சி)(4)இன் கீழ் வரும் அமைப்பு ஓரளவு ஆதரிக்கலாம், ஆனால் அதற்குத் தரும் நன்கொடைக்கு வரிச் சலுகை இல்லை. ஆகவே ஒரே வேலையை இரண்டு சட்டையில் செய்ய வேண்டியிருக்கிறது. ‘முற்போக்கு’ என்ற சொல்லை எந்தச் சட்டையிலும் நான் வாசற்படியில் கேட்கவில்லை. கூலி, மருத்துவம், வாடகை, பள்ளிக்கூடம், இவ்வளவுதான்.

சாயங்காலம் ஒரு வீட்டில் எழுபது வயது வெள்ளைக்காரப் பாட்டி எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். பல்லைக் கூசவைக்கும் அளவுக்குச் சர்க்கரை கரைத்த குளிர்ந்த தேநீர். பர்லிங்டனில் காலுறை மில்லில் முப்பது வருடம் தையல் வேலை செய்தவர். பர்லிங்டனுக்குத் தென்மாநிலங்களின் காலுறை மையம் என்றே ஒரு காலத்தில் பெயர். 1923இல் அங்கே பிறந்த பர்லிங்டன் இண்டஸ்ட்ரீஸ், பிறகு உலகத்தின் மிகப் பெரிய ஜவுளி நிறுவனமாகவே வளர்ந்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு ஒவ்வொரு மில்லாக மூடினார்கள்.

"நீங்க எந்த ஊரு?"

இந்தியாவில் திருப்பூர், பனியன் தைக்கிற ஊர் என்றேன்.

"ஓ, அங்கதான் போச்சா எங்க வேலை?" என்றார். கோபம் இல்லை; தொலைந்துபோன பாத்திரம் பக்கத்து வீட்டில் இருப்பதைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. பிறகு எங்கள் ஊரில் தையல்காரிக்கு என்ன கூலி, எத்தனை மணி நேர வேலை என்று விசாரித்தார். சொன்னேன். ஓவர்லாக் மிஷினில் விரல் மாட்டினால் யார் செலவு செய்வார்கள் என்று கேட்டார். அதற்கும் சொன்னேன். பேச்சு நாற்பது நிமிஷம் ஓடி, ஆசிரியை கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கடைசியில் பாட்டி கேட்டது: "அந்தத் தையல்காரிங்க வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வருவாங்களா?"

வருவார்கள். 2024 ஏப்ரல் 19இல் எங்களுக்கு நாடாளுமன்றத் தேர்தல். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, ஆரத்தித் தட்டு, வீட்டுக்கு வீடு துண்டுச்சீட்டு, இரவில் வேறு சில சமாசாரங்களும். யாருமே எதுவும் கேட்காத அமெரிக்கக் கிராமத்தோடு ஒப்பிட்டால் நம் வாக்காளர் ராஜாதான். ஆனால் யாரும் அவரை உட்கார வைத்து எது கஷ்டம் என்று கேட்பதில்லை, ஏற்கெனவே தெரிந்த முகத்தோடுதான் வருவார்கள். அதோடு, இன்று திருப்பூரில் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் கணிசமானோர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஓட்டு சொந்த ஊரில். அந்த லைன் வீட்டு வாசலில் ஒரு வேட்பாளரும் கும்பிட்டு நின்றதை நான் பார்த்ததில்லை. பாட்டிக்கு இதை விளக்க என் ஆங்கிலம் போதுமாக இருந்தது. அவருக்கு ஆச்சரியமே இல்லை. இங்கே கோழிப் பண்ணைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மெக்சிகோக்காரர்களும் அப்படித்தான் என்றார்.

லெக்சிங்டன்

மேற்கே மலைக்குப் போகும் வழியில் லெக்சிங்டனில் சாப்பிடாமல் போனால் பாவம் என்று பையன் சொல்லியிருந்தான். வட கரோலினாக்காரர்கள் கட்சியைவிடக் கடுமையாகப் பிரிந்திருப்பது பன்றிக்கறி விஷயத்தில். கிழக்கே முழுப் பன்றியை வாட்டி, வினிகரும் மிளகாயும் மட்டும் ஊற்றுவார்கள். லெக்சிங்டன் பக்கம் தோள்கறி மட்டும்தான்; ஹிக்கரி விறகுக் கனலில் மணிக்கணக்கில் வெந்து நாராகப் பிரியும்; வினிகரில் தக்காளிச் சாறு சேர்ப்பார்கள். கிழக்கத்திக்காரர்களுக்கு அந்தத் தக்காளி ஒரு துரோகம். கூடவே அதே சாற்றில் பிசைந்த சிவப்பு முட்டைக்கோசு, மக்காச்சோள மாவில் பொரித்த உருண்டைகள். உருண்டைகளைப் பச்சை மிளகாய் இல்லாமல் தின்னக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கறி அருமை. புகையும் புளிப்பும் ஏறிய அந்தக் கறியோடு நாலு பரோட்டா கிடைத்திருந்தால் அங்கேயே குடியேறியிருப்பேன்.

பக்கத்து மேசையில் ஒரே குடும்பத்தில் இரண்டு கட்சித் தொப்பி. அப்பனும் மகனும். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். இருவரும் கால்பந்து பேசிக்கொண்டு இருந்தார்கள். இந்த மாநிலத்தில் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள்தான் 2022இலிருந்து மிகப் பெரிய கூட்டம்.

முடிவுகள் நான் ஊர் திரும்பிய பிறகு வந்தன, இங்கேயே சொல்லிவிடுகிறேன். நவம்பர் 5இல் மாநிலத்தை டிரம்ப் ஜெயித்தார். அலமான்ஸும் ஹேவுட்டும் அவர் பக்கம்தான், அதுவும் நெருக்கத்தில் இல்லை. அதே வாக்காளர்கள் ஆளுநராக ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைனைத் தேர்ந்தெடுத்தார்கள். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தேர்தலில் 55 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளில் ஆலிசன் ரிக்ஸ் முன்னிலை பெற்றது 734 ஓட்டில். இரண்டு மறு எண்ணிக்கை, வழக்கு எல்லாம் முடிந்து 2025 மேயில்தான் தீர்ந்தது. மாநிலக் கீழவையில் குடியரசுக் கட்சி, ஆளுநரின் மறுப்பாணையைத் தாண்டும் பலத்தை ஒரே ஓர் இட வித்தியாசத்தில் இழந்தது. கிரான்வில், வான்ஸ் என்ற இரண்டு கிராமக் கவுண்டிகள் சேர்ந்த தொகுதி ஒன்று சில நூறு ஓட்டில் கைமாறியதும் அந்தக் கணக்கில் உண்டு. இவ்வளவு மெல்லிய விளிம்பில் எந்த வாசற்படிப் பேச்சு எதைத் தீர்மானித்தது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்கிறவர்கள் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்க மறுத்துவந்த மாநிலங்களில் வட கரோலினாவும் ஒன்று. டவுன் ஹோம் தொடங்கிய காலத்திலிருந்தே வாசலில் கேட்டுவந்த முதல் கஷ்டம் மருத்துவச் செலவு. அவர்களும் வேறு பல அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் இதையே பேசினார்கள். 2023 மார்ச்சில், குடியரசுக் கட்சிப் பெரும்பான்மைச் சட்டமன்றமே விரிவாக்கத்தை நிறைவேற்றியது; டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த கோடைக்குள் சேர்ந்தவர்கள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். கிராமத்து ஆஸ்பத்திரிகளும் வியாபாரிகளும் கூடச் சேர்ந்து கேட்டதால்தான் கதவு திறந்தது. ஓர் அமைப்பின் வெற்றி என்று எழுதினால் பொய்.

கேண்டன்

ஹேவுட் கவுண்டிக்குப் போனபோது மலை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இலை மாறும் பருவம். படம் பிடிக்க வரும் கூட்டம் அந்த வருடம் இல்லை. செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் இந்த மலையில் கொட்டிய மழையில் மாநிலம் முழுக்க 100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். டென்னசிக்குப் போகும் நெடுஞ்சாலையின் ஒரு பாதியைப் பிஜன் ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது. ஆற்றோரம் மரக்கிளைகளில் துணியும் தகரமும் தொங்கின. அழுக்குச் சேறு காய்ந்து காற்றில் பறந்தது.

கேண்டன் காகித ஆலையை நம்பி எழுந்த ஊர். 1908இலிருந்து ஓடிய ஆலை 2023இல் மூடிவிட்டது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு வேலை போனது. ஊரின் நடுவே அந்தப் பிரம்மாண்டம் புகையில்லாமல் நின்றது. முன்பு ஊர் முழுக்க அழுகின முட்டை நாற்றம் அடிக்குமாம். அது சம்பளத்தின் வாசனை என்பார்களாம். 2021 ஆகஸ்டில் ஒரு வெள்ளம், ஆறு பேர் சாவு. பிறகு ஆலை மூடல். பிறகு இது.

இங்கே என்னோடு வந்தவர் நாற்பது வயதுப் பெண். அவர் வாசற்படியில் முதலில் கேட்டது தண்ணீர் இருக்கிறதா, குளிருக்கு ஹீட்டர் இருக்கிறதா என்பதுதான். கார் டிக்கியில் தண்ணீர் பாட்டில், துடைப்பம், பிளீச்சிங் பவுடர். முதல் இரண்டு வாரம் யாரும் ஓட்டைப் பற்றிப் பேசவே இல்லை, சேறு அள்ளினோம் என்றார். முன்கூட்டி வாக்களிப்பு அக்டோபர் 17இல் தொடங்கியாக வேண்டும். பாதிக்கப்பட்ட 13 கவுண்டிகளுக்குத் தேர்தல் வாரியம் அவசர விதிகள் போட்டது; சட்டமன்றம் அதை 25 கவுண்டிகளுக்கு விரித்தது. குறித்த நாளில் மலைக் கவுண்டிகளிலும் சாவடிகள் திறந்தன. அதிகாரிகளைப் பாராட்டத் தோன்றியது. அவர்களிலும் பலருக்கு வீட்டில் தண்ணீர் இல்லை.

ஆற்றுக்கு மேல் தெருவில் ஒருவர், ஆலையில் முப்பத்தைந்து வருடம் பாய்லர் பார்த்தவர், நனைந்த சுவர்ப் பலகைகளைப் பெயர்த்து வெளியே அடுக்கிக்கொண்டிருந்தார். உட்கார நாற்காலி இல்லை, கவிழ்த்த வாளிகள்தான். ஓட்டுப் போடுவதாக உத்தேசம் உண்டா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, லைசென்ஸ் பணப்பையோடு ஆற்றில் போய்விட்டது, 2023இலிருந்து புகைப்பட அட்டை வேண்டுமே, எப்படிப் போவது என்றார்.

"இயற்கைப் பேரிடர்ல தொலைஞ்சா விலக்கு உண்டு. நூறு நாளைக்குள்ள நடந்திருக்கணும், அவ்வளவுதான். சாவடியிலேயே ஒரு படிவம் தருவாங்க, எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"யார் பக்கம்னு கேட்பாங்களா?"

"மாட்டாங்க. நானும் கேக்கலையே."

அவர் மாதிரி வாக்குச்சீட்டைக் காட்டச் சொன்னார். அந்தப் பெண்ணிடம் இருந்த தாளைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. நாம் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வருகிறோம். இவர்கள் ஜனாதிபதியில் ஆரம்பித்து, ஆளுநர், நீதிபதிகள், கவுண்டி ஆணையர்கள், பள்ளி வாரியம் என்று முன்பக்கமும் பின்பக்கமும் வட்டத்தை மையால் நிரப்புகிறார்கள். அவர் மேல்வரிசையில் இருந்தவர்களையெல்லாம் விரலால் தாண்டிக்கொண்டே போனார். கிட்டத்தட்ட அடியில் போய் நிறுத்தினார். மண், நீர்ப் பாதுகாப்பு மாவட்ட மேற்பார்வையாளர்.

"இது யாரு?"

அந்தப் பெண் பார்த்தார். "தெரியலை" என்றார். அதுவரை அவர் வாயில் நான் கேட்காத வார்த்தை.

"மூணு வருஷத்துல ரெண்டு தடவை ஆறு என் வீட்டுக்குள்ள வந்திருக்கு. எனக்கு இவங்க ரெண்டு பேர்ல யாரு ஓடைக்கரையைப் பத்தி ஏதாவது செஞ்சவங்கன்னு தெரியணும். மேல இருக்கிறவங்களைப் பத்தி டிவியில கேட்டுக்கறேன்."

அந்தப் பெண் கைப்பேசியை எடுத்துக் கவுண்டியில் யாருக்கோ அடித்தார். அந்தப் பக்கம் எடுக்கவில்லை. இன்னொருவருக்கு அடித்தார், அவருக்கும் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அதற்குள் வீட்டுக்காரர் உள்ளே போய், நனையாமல் தப்பிய ஒரு பேனாவோடு வந்து, இரண்டு பெயரையும் பலகைத் துண்டு ஒன்றில் எழுதிக்கொண்டு, சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும், அன்றைக்குத்தான் மகன் காரில் கூட்டிப் போவான் என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று அந்தப் பெண் பட்டியலில் குறித்துக்கொண்டார். 0 முதல் 10 வரை கேட்க அவருக்கு ஞாபகம் வரவில்லை.